ஏழாவது டிராயர்

மார்லிஸ்: அந்தப் பிளேயரை அப்படி வைக்காதீங்க ரெய்னோ. மூக்கு இந்தப் பக்கம் வரணும்.

ரெய்னோ: இப்படியா?

மார்லிஸ்: இன்னும் கொஞ்சம்... போதும். தலைய எடுங்க. மேல கேமரா இருக்கு. நிழல் விழுந்தா கோடு தப்பாப் போயிடும்.

ரெய்னோ: என் தலைக்கும் சேர்த்து ஃபோம்ல ஒரு பள்ளம் வெட்டிடுங்களேன். டிராயர்ல வச்சுப் பூட்டிக்கிறேன்.

மார்லிஸ்: அவ்வளவு ஆழத்துக்கு ஃபோம் கிடையாது. ரெண்டு அங்குலம்தான்.

ரெய்னோ: என் தலை அவ்வளவு பெருசா?

மார்லிஸ்: நான் மூக்கைச் சொன்னேன்.

ரெய்னோ: ம்... காலையிலயே ஆரம்பிச்சாச்சு.

மார்லிஸ்: காபி ஆறுது, எடுத்துக்குங்க. நிஸு ரொட்டி இப்பதான் அடுப்புல இருந்து எடுத்தேன். போன வாரத்தை விட ஏலக்காய் ஒரு சிட்டிகை கூட.

ரெய்னோ: போன வாரமே நல்லாத்தானே இருந்துச்சு.

மார்லிஸ்: இன்னும் கொஞ்சம் ஏலக்காய் போட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போகாதுன்னு யாரோ சொன்னாங்க.

ரெய்னோ: ரொட்டியை வாயில வச்சுக்கிட்டு நான் சொல்றதையெல்லாம் மனசுல வச்சுக்குவீங்களா?

மார்லிஸ்: எனக்கு வேலையே அளவு குறிச்சு வைக்கிறதுதானே. சுரங்க ஆபீஸ்ல இருபத்தியாறு வருஷம் வரைபடம் போட்டேன். இப்ப வீட்ல உக்காந்து, டிராயர் ஃபோம்ல ஸ்பேனரும் பிளேயரும் கச்சிதமா உக்கார்ற பள்ளத்துக்குப் படம் போடறேன். சரி, இதானே ஏழாவது டிராயர்?

ரெய்னோ: ஆமா. ஏழாவது.

மார்லிஸ்: கடைசி.

ரெய்னோ: கடைசின்னு அப்படியே சொல்லிட முடியாது...

மார்லிஸ்: உங்க டூல் பாக்ஸுக்கு ஏழு டிராயர்தானே?

ரெய்னோ: ஏழுதான். ஆனா மேல ஒரு மூடி இருக்கு. மூடிக்கு அடியில ஒரு குழி மாதிரி...

மார்லிஸ்: அதுல என்ன வச்சிருக்கீங்க?

ரெய்னோ: சாண்ட்விச்.

மார்லிஸ்: சாண்ட்விச்சுக்குப் பள்ளம் வெட்டச் சொல்றீங்களா?

ரெய்னோ: தினமும் ஒரே அளவுதான். நானே பண்றது.

மார்லிஸ்: ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். உங்க வண்டியில ரெண்டு மானை ஏத்தலாம். ஏழு டிராயர்ல இருக்கிற டூலை ஒரே தடவை ஏத்த முடியலையா? வாரத்துக்கு ஒண்ணா, ஏழு சனிக்கிழமை வந்திருக்கீங்க.

ரெய்னோ: மொத்தமா ஏத்தினா பின் சக்கரம் அழுந்தும்.

மார்லிஸ்: மான் ஏத்தினா அழுந்தாதா?

ரெய்னோ: மான் செத்துப்போனது. கனம் தெரியாது.

மார்லிஸ்: ஓ.

ரெய்னோ: நீங்க மட்டும் என்ன? போன சனிக்கிழமை ஒரு டிராயருக்கு அளவெடுக்க நாலு மணி நேரம் ஆக்கினீங்க. மொத டிராயருக்கு நாப்பது நிமிஷம்தான் ஆச்சு.

மார்லிஸ்: அதுல சாக்கெட் நிறைய இருந்துச்சு. வட்டம் வரையறது கஷ்டம்.

ரெய்னோ: கம்ப்யூட்டர்ல வட்டம் வரையறது கஷ்டமா?

மார்லிஸ்: நல்ல வட்டம் கஷ்டம். அந்த வெர்னியர் அளவுகோலை எடுங்க... தேங்க்ஸ். வெர்னா உங்க ஆறாவது டிராயரைப் பாத்தாங்களா?

ரெய்னோ: பாத்தா. எங்க ஏர்போர்ட் ஷெட்டுக்கு இன்-சார்ஜ்னு பேரு, ஆனா அவளைப் பாத்தா விமானமே விறைச்சு நிக்கும். டிராயரை இழுத்தா. மேல கறுப்பு ஃபோம், எல்லாப் பள்ளத்துலயும் டூல். அடியில இருக்கிற மஞ்சள் எங்கயும் தெரியலை. 'நல்லா இருக்கு'ன்னா.

மார்லிஸ்: அவ்வளவுதானா?

ரெய்னோ: பதினோரு வருஷத்துல அவ அப்படிச் சொல்லி நான் கேட்டது ரெண்டு தடவை. மொத தடவை ஒரு நாயைப் பாத்துச் சொன்னா.

மார்லிஸ்: மஞ்சள் தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?

ரெய்னோ: ஒரே ஒரு பள்ளம் மஞ்சளாப் பல்லைக் காட்டினாலும் போதும், விமானம் தரையை விட்டு நகராது. டூல் கெடைக்கிற வரைக்கும் எல்லாரும் தேடணும். உள்ள ஒரு ஸ்பேனரை மறந்து வச்சு மூடிட்டா மேல போனப்புறம் என்ன ஆகும்? அதான். அந்த விஷயத்துல நானும் வெர்னா கட்சி.

மார்லிஸ்: நல்ல பழக்கம்தான்... இது என்ன ரெய்னோ? இந்த இரும்புக் கட்டை?

ரெய்னோ: அதா? ரிவெட் ஆணி அடிக்கிறப்போ பின்னால முட்டுக் குடுக்கிறது.

மார்லிஸ்: நீங்க என்ஜின் ஆளாச்சே.

ரெய்னோ: தகர வேலையும் கத்துக்கலாம்னு...

மார்லிஸ்: இந்த வயசுலயா?

ரெய்னோ: அம்பத்தெட்டு எல்லாம் ஒரு வயசா?

மார்லிஸ்: எப்பல இருந்து கத்துக்கிறீங்க?

ரெய்னோ: இப்ப... சமீபத்துலதான்.

மார்லிஸ்: போன் அடிக்குது, உங்களோடதுதான்.

ரெய்னோ: அடிக்கட்டும். சனிக்கிழமை காலையில நல்லவங்க யாரும் போன் பண்ண மாட்டாங்க.

மார்லிஸ்: நின்னுடுச்சு. சரி, இந்தக் கட்டையைத் திருப்புங்க. இதுல என்ன பொறிச்சிருக்கு? ஜி.பி.?

ரெய்னோ: எங்க? ஓ, அதுவா.

மார்லிஸ்: உங்க ஸ்பேனர்ல எல்லாம் ஆர்.கே.ன்னு இருந்துச்சு. ரெய்னோ காங்கஸ்.

ரெய்னோ: இது பழசு வாங்கினது.

மார்லிஸ்: யார்கிட்ட?

ரெய்னோ: ஒருத்தர்கிட்ட. அவர்... செத்துப்போயிட்டார்.

மார்லிஸ்: அடப் பாவமே. யாரு அவரு?

ரெய்னோ: ஜி... உங்களுக்குத் தெரியாது. வயசானவர்.

மார்லிஸ்: எப்படிச் செத்தார்?

ரெய்னோ: அமைதியா.

மார்லிஸ்: நாலு டூல்லயும் ஜி.பி.ன்னு இருக்கு. நாலையும் வித்துட்டு அமைதியாப் போயிட்டாரா?

ரெய்னோ: அப்படித்தான் சொன்னாங்க. ரொட்டி இன்னொரு துண்டு எடுத்துக்கவா?

மார்லிஸ்: எடுத்துக்குங்க, வெண்ணெய் அந்தப் பக்கம் இருக்கு. மறுபடி போன் அடிக்குது பாருங்க.

ரெய்னோ: கையெல்லாம் வெண்ணெய். விடுங்க.

மார்லிஸ்: பேர் தெரியுது. கோர்டி பென்ஹேல். ஜி, பி. செத்துப்போனவர் கூப்பிடறார் ரெய்னோ. ஸ்பீக்கர்ல போடறேன்.

ரெய்னோ: வேணாம் மார்லிஸ், அப்புறமா நானே...

மார்லிஸ்: போட்டாச்சு.

கோர்டி: யோவ் ரெய்னோ, எத்தனை தடவைய்யா கூப்பிடறது? எங்க இருக்க?

ரெய்னோ: வெளியில இருக்கேன். என்ன விஷயம்?

கோர்டி: உடனே ஷெட்டுக்கு வா. என் மூணாவது டிராயர்ல நாலு பள்ளம் மஞ்சளா இருக்கு. நேத்து சாயங்காலம் எண்ணி வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். சொன்னா வெர்னா நம்ப மாட்டேங்கிறா.

ரெய்னோ: நம்பாம என்ன செய்யறா?

கோர்டி: நேத்து ஒரு விமானத்துக்கு வால் பக்கம் ஒட்டுப் போட்டேன்ல? நாலையும் அதுக்குள்ளயே விட்டுட்டேன்கிறா. வால் மூடியைக் கழட்டிப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்லை. இப்ப சீட்டைக் கழட்டச் சொல்றா.

ரெய்னோ: சனிக்கிழமை விமானமே கிடையாதே. அட்டவணையைப் பாத்துட்டுத்தானே நான்...

கோர்டி: நீ என்ன?

ரெய்னோ: ஒண்ணுமில்லை, சொல்லு.

கோர்டி: ராத்திரி திடீர்னு சொன்னாங்களாம். சிகாகோவுல இருந்து நாலு பல் டாக்டருங்க. தீவுக்கு மீன் பிடிக்கப் போறாங்க. ஏழு மணியில இருந்து தூண்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நாலு பேரும் என் வாயையே பாக்கிறாங்கய்யா. எனக்குப் பேசவே பயமா இருக்கு.

ரெய்னோ: கோர்டி...

கோர்டி: பதினெட்டு வருஷத்துல ஒரு ஸ்க்ரூவை உள்ள விட்டவன் இல்லை நான். உனக்குத் தெரியும்ல? இன்னிக்கு எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கிறாங்க. பத்து நிமிஷத்துல கெடைக்கலைன்னா வெர்னா என் பேரை புக்குல எழுதிடுவா. எழுதினா அவ்வளவுதான், அப்புறம் ஆறு மாசத்துக்கு என் வேலையை இன்னொருத்தன் பின்னாலயே நின்னு பாப்பான். நீ கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு வா. உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.

மார்லிஸ்: ரெய்னோ.

கோர்டி: யாரது?

மார்லிஸ்: அவர்கிட்ட சொல்லுங்க.

ரெய்னோ: கோர்டி... சீட்டைக் கழட்ட வேணாம். நாலும் எங்கிட்டதான் இருக்கு.

கோர்டி: என்னது?

ரெய்னோ: நேத்து நீ போனப்புறம் நான்தான் எடுத்தேன். திங்கக்கிழமை நீ வர்றதுக்கு முன்னாடி வச்சிடலாம்னு...

கோர்டி: யோவ். அப்போ உன் வில்லையை ஏன்யா வைக்கலை? ஆளுக்கு அஞ்சு பித்தளை வில்லை, பேர் பொறிச்சு எதுக்குக் குடுத்திருக்காங்க? யார் டூலை எடுத்தாலும் அந்தப் பள்ளத்துல உன் வில்லையைப் போட்டுட்டு எடுக்கணும். நேத்து சேர்ந்த பையனுக்குக் கூடத் தெரியும்.

ரெய்னோ: வில்லையைப் போட்டா எதுக்கு எடுத்தேன்னு திங்கக்கிழமை கேப்ப.

கோர்டி: சனிக்கிழமையே கேக்கிறேன். எதுக்கு எடுத்த?

ரெய்னோ: என் ஏழாவது டிராயர்ல வைக்க.

கோர்டி: உன் ஏழாவது டிராயர்ல என்ன இருந்துச்சு?

ரெய்னோ: ரெண்டு கையுறை. நாலு தூண்டில் முள்ளு. ஒரு தக்காளி சூப் டப்பா.

கோர்டி: அதுக்கு எதுக்குய்யா ஃபோம்?

ரெய்னோ: ஃபோமுக்காக இல்லை.

கோர்டி: பின்னே?

ரெய்னோ: ஃபோம் வெட்டணும்னா படம் போடணும். படம் போடணும்னா டூலை எடுத்துக்கிட்டு இங்க வரணும். ஆறு டிராயர் முடிஞ்சு போச்சு கோர்டி. ஏழாவதுல டூல் இல்லைன்னா இந்தப் பக்கம் வர எனக்கு ஒரு வேலையும் இல்லை. வாரம் பூரா நான் எதிர்பாக்கிறது இந்த ஒரு காலைப்பொழுதைத்தான். அதை விட மனசு வரலை. அதான் எடுத்தேன். போதுமா?

கோர்டி: ரெய்னோ, என் போனும் ஸ்பீக்கர்லதான் இருக்கு.

ரெய்னோ: யார் யார் இருக்காங்க?

கோர்டி: வெர்னா. அப்புறம் பல் டாக்டருங்க.

ரெய்னோ: நாலு பேருமா?

கோர்டி: நாலு பேரும். ஒருத்தர் தொப்பியைக் கழட்டிட்டார்.

ரெய்னோ: கடவுளே.

கோர்டி: இரு, வெர்னா என்னமோ சொல்றா... நீ சொன்னா மட்டும் போதாதாம். டூலைக் கண்ணால பாக்கணுமாம். இப்பவே கொண்டு வான்னு சொல்றா.

ரெய்னோ: தொண்ணூறு மைல் இருக்கு. ஒண்ணரை மணி நேரமாவது ஆகும்.

கோர்டி: அதுக்குள்ள பல் டாக்டருங்க என் பல்லையெல்லாம் பிடுங்கிடுவாங்க.

மார்லிஸ்: கோர்டி, நான் மார்லிஸ் பேசறேன். வெர்னாகிட்ட கேளுங்க, போட்டோ அனுப்பினா ஒத்துக்குவாங்களான்னு. நாலு டூலும் என் மேசையில கேமராவுக்கு அடியிலதான் இருக்கு. ஜி.பி.ங்கிற எழுத்துத் தெரியற மாதிரி திருப்பி வச்சு, பக்கத்துல ஸ்கேலையும் வச்சு எடுத்துடறேன்.

கோர்டி: மார்லிஸ் மேடமா? நல்லா இருக்கீங்களா? இருங்க, கேக்கிறேன்... சரிங்கிறா. இன்னிக்குத் தேதியும் தெரியணுமாம்.

மார்லிஸ்: இன்னிக்குப் பேப்பரையே பக்கத்துல வைக்கிறேன். ரெய்னோ, அந்தக் கட்டையைத் திருப்புங்க. வெண்ணெய்க் கையோட இல்லை, தொடச்சுக்கிட்டு.

ரெய்னோ: தொடச்சாச்சு.

மார்லிஸ்: தலைய எடுங்க... ம். அனுப்பிட்டேன் கோர்டி.

கோர்டி: வந்துடுச்சு. வெர்னா எண்ணறா. ஒண்ணு, ரெண்டு... கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மறுபடி எண்ணறா... சரி. கையெழுத்துப் போட்டுட்டா. மூடியைத் திருகிட்டா அரைமணியில கெளம்பிடுவாங்க.

ரெய்னோ: உன் பேரை எழுதலையே?

கோர்டி: உன் பேரை எழுதிட்டா. ஒரு மாசம் ஷெட்டை நீதான் கூட்டணும்.

ரெய்னோ: கூட்டறேன். நான் செஞ்சது தப்புதான். உன்னை மாட்டிவிட்டுட்டேன் கோர்டி, மன்னிச்சுக்க.

கோர்டி: இரு, இன்னும் என்னமோ சொல்றா. சனிக்கிழமை மட்டும் கூட்ட வேணாமாம்.

ரெய்னோ: வெர்னாவா சொன்னா?

கோர்டி: வெர்னாதான். சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. மேடம், போட்டோ பளிச்சுனு இருக்கு. போன வருஷம் என் டிராயருக்குப் படம் போட நான் உங்களுக்கு ஒண்ணு அனுப்பினேனே, அது இப்படி வரலை.

ரெய்னோ: நீ போட்டோவா அனுப்பின?

கோர்டி: பின்னே? எல்லாரும் அப்படித்தானே. தரையில வெள்ளைத் தாளைப் போட்டு, டூலைப் பரப்பி, ஓரத்துல ஒரு ஸ்கேலை வச்சு, ஒரே ஒரு போட்டோ. ஒவ்வொண்ணோட தடிமனையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன். ரெண்டு நாள்ல படம் மெயில்ல வந்துச்சு, இங்கயே ஒரு கடையில ஃபோமை வெட்டிக்கிட்டேன். நானும் கேக்கணும்னு இருந்தேன், நீ எதுக்குய்யா வாரா வாரம் தொண்ணூறு மைல்...

மார்லிஸ்: கோர்டி, டாக்டருங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. வைக்கட்டுமா?

கோர்டி: ஓ... ஓ. வச்சிடுங்க மேடம்.

ரெய்னோ: மார்லிஸ்.

மார்லிஸ்: காபி சூடு பண்ணிக் குடுக்கவா?

ரெய்னோ: அந்த நாலும் கோர்டியோடதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?

மார்லிஸ்: நீங்க பையில இருந்து எடுத்து வச்சப்பவே. நாலையும் போன வருஷம் கோடு கோடா வரைஞ்சவ நான். அந்தக் கட்டையோட மூலையில ஒரு சின்ன ஒடைசல் இருக்கு, அதைக் கூட வரைஞ்சிருக்கேன்.

ரெய்னோ: அப்பவே ஏன் சொல்லலை?

மார்லிஸ்: சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிருப்பீங்க. நான் ரொட்டியை அறுக்கக் கூட இல்லை.

ரெய்னோ: செத்துப்போனவர் கதையை வேற சொல்ல வச்சீங்களே.

மார்லிஸ்: அது நல்லா இருந்துச்சு. அமைதியாச் செத்தார்னு சொன்னீங்க பாருங்க, சிரிப்பை அடக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

ரெய்னோ: சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. போட்டோ போதுமா?

மார்லிஸ்: சில பேருக்குப் போதும்.

ரெய்னோ: எனக்கு மட்டும் மொத தடவை போன்ல என்ன சொன்னீங்க? நேர்ல கொண்டு வாங்க, கையில தூக்கிப் பாத்தாத்தான் எடை தெரியும், எடை தெரிஞ்சாத்தான் பள்ளம் எவ்வளவு ஆழம்னு வரைய முடியும்னு சொன்னீங்க.

மார்லிஸ்: சொன்னேன்.

ரெய்னோ: பள்ளம் வெட்ட எடை எதுக்கு?

மார்லிஸ்: எதுக்கும் இல்லை.

ரெய்னோ: ஏழு வாரமா ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்து, 'ம்ம்'னு தலையை ஆட்டி, தாள்ல என்னமோ எழுதுவீங்களே.

மார்லிஸ்: அந்தத் தாள்ல மளிகைச் சாமான் எழுதினேன்.

ரெய்னோ: ஹா ஹா, மளிகைச் சாமானா!

மார்லிஸ்: சிரிக்காதீங்க. போன் பண்ற எல்லாரும் எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும்னுதான் கேப்பாங்க. நீங்க எடுத்த உடனே, 'இப்ப உங்களுக்குப் பேச நேரம் இருக்கா'ன்னு கேட்டீங்க. என் வீட்டுக்காரர் ஹார்லன் தவறினதுக்கப்புறம் எங்கிட்ட அப்படி யாரும் கேட்டதில்லை. அதான், வாயில வந்த பொய்யைச் சொல்லி வரச் சொல்லிட்டேன். சொல்லிட்டு, யாரோ என்னவோன்னு மூணு நாள் தூங்கலை.

ரெய்னோ: நான் எடையைப் பத்திச் சந்தேகமே படலை. நம்பிட்டேன்.

மார்லிஸ்: அது எனக்கே ஆச்சரியம். நீங்க மெக்கானிக்.

ரெய்னோ: மார்லிஸ், இப்ப மறைக்க ஒண்ணும் இல்லை, நேராவே கேக்கிறேன். எங்கிட்ட வேற டிராயர் கிடையாது. டூலும் கிடையாது. அடுத்த சனிக்கிழமை சும்மா... வெறும் கையோட வரலாமா?

மார்லிஸ்: வாங்க. எனக்கு அதை எப்படிக் கேக்கிறதுன்னுதான் தெரியலை. ஆறு வருஷமா இந்த ரூம்ல ஒரே ஒரு நாற்காலிதான் இருந்துச்சு ரெய்னோ. நீங்க உக்காந்திருக்கிறது, உங்க மொத டிராயருக்கு அளவெடுத்து உங்களை அனுப்பின அன்னிக்கு சாயங்காலமே கடைக்குப் போய் வாங்கினது.